மாடலில் இல்லாதது

படப்பை
4.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தங்கமாரி எழுதுகிறேன். நான் இங்கே சுகம். நீங்களும் அத்தையும் சுகம்தானே? அத்தையின் முழங்கால் வலி தேவலையா? போன வாரம் போனில் நான் கத்திய கத்தலில் விடுதிப் பிள்ளைகள் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். உங்களுக்கோ பாதிகூடக் காதில் விழவில்லை. முப்பது வருஷம் பாறை உடைக்கிற மிஷினோடு நின்ற காது வேறென்ன செய்யும்! இனி நமக்குக் கடிதம்தான் தோது.

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற புதிய தொழிற்சாலை ஒன்று வருகிறது. அதைக் கட்டும் வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்துவிட்டது. மதிப்பீடு போட்டது நான். இப்போதெல்லாம் கட்டடத்தை முதலில் கம்ப்யூட்டருக்குள் கட்டிவிடுகிறார்கள் மாமா. மாடல் என்பார்கள். ஒரு தூணைத் தொட்டால் இத்தனை கன மீட்டர் கான்கிரீட், இத்தனை கிலோ கம்பி என்று அதுவே சொல்லிவிடும். அந்த அளவுகளை எடுத்து, விலை போட்டு, மொத்தம் இவ்வளவு ஆகும் என்று சொல்வதுதான் என் வேலை. அடுத்த கம்பெனியை விட மயிரிழைதான் குறைவாகக் கேட்டிருந்தோம். கடைசி நேரத்தில் நான் சொன்ன ஒரு யோசனைதான் காப்பாற்றியது என்று மேனேஜர் ஹேமந்த் சார் எல்லார் முன்னாலும் சொன்னார். என்னை சீனியராகவும் ஆக்கிவிட்டார்கள்.

அங்கே பெரிய பிரஸ் மிஷின் ஒன்றை இறக்க ஐந்தரை மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுக்க வேண்டும். குழி வேலைக்கும் கம்பி கட்டவும் நம்பிக்கையான மேஸ்திரி வேண்டும் என்றார்கள். உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். வருவீர்களா?

அத்தைக்கு என் அன்பு.
உங்கள் மருமகள்
தங்கமாரி

&nbsp;

கரிசல்பட்டி
13.8.2024

அன்பு மருமகள் தங்கமாரிக்கு,

மாமா கொம்பையா எழுதுவது. உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம். உன் அத்தை நாச்சியார் கடிதத்தைத் தெருவில் நாலு வீட்டில் வாசித்துக் காட்டிவிட்டு வந்தாள். உன் அம்மா இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும்.

வருகிறேன். இங்கே மூன்று மாதமாக வேலை இல்லை. யாக்கோபு உட்பட எட்டுப் பேர் வருகிறோம். யாக்கோபு இல்லாமல் நான் எந்த வேலைக்கும் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்குக் காது போன பிறகு சைட்டில் என் காது அவன்தான்.

ஒரு விஷயம் மட்டும் கேட்டு எழுது. ஐந்தரை மீட்டர் என்றால் பதினெட்டு அடி. உங்கள் பக்கம் களிமண். ஐப்பசி மழைக்குள் வேலை முடியாது. குழியின் பக்கவாட்டு மண் சரியாமல் இருக்க இரும்புத் தகடு அடித்து முட்டுக் கொடுப்பார்களா? கம்பெனி தருகிறதா, நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டுமா? அதைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது.

நேரத்துக்குச் சாப்பிடு.
மாமா
கொம்பையா

&nbsp;

படப்பை
19.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். நீங்கள் வருவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதி முடியாது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கே வந்து நிற்பேன். ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் எட்டுப் பேருக்கும் அறை பார்த்தாயிற்று. தண்ணீர் வசதி உண்டு.

மற்றதெல்லாம் சைட் இன்ஜினியரிடம் நேரில் பேசிக்கொள்ளலாம். போர்வை கொண்டு வாருங்கள்.

தங்கமாரி

&nbsp;

கரிசல்பட்டி
9.12.2024

தங்கமாரிக்கு,

மாமா எழுதுவது. சொல்லிக்கொள்ளாமல் ஊருக்கு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நீ நின்றதைப் பார்த்தேன். யாக்கோபின் உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோடும் பேசுகிற நிலையில் நான் இல்லை. தப்பாக நினைக்காதே.

முப்பது நாளுக்கு ஜெபம் வைத்திருக்கிறார்கள். தினமும் அவன் வீட்டுக்குப் போகிறேன். முத்துச்செல்வி ஒன்றும் கேட்பதில்லை. நாற்காலியை எடுத்துப் போடுகிறாள். புருஷனைப் பறிகொடுத்தவள் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறாள்.

உன்னிடம்தான் சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன். அன்றைக்குக் காலை பத்து மணிக்கு மழை விட்டது. குழியின் கிழக்குப் பக்கம் கசிவு இருந்தது. யாக்கோபு குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மண்ணு வேர்க்குது. இன்னைக்கு வேண்டாமே" என்றான். மறுநாள் கான்கிரீட் லாரி வருவதாக இருந்தது, அதற்குள் கம்பி கட்டி முடிக்க வேண்டும். முட்டுக்குச் சவுக்குக் கம்பும் பலகையும்தான் இருந்தன. இரும்புத் தகடு மூன்று தடவை கேட்டேன். "அது இந்த வேலையில் இல்லை" என்றார்கள். எழுதிக் கேட்காதது என் தப்பு. நான் அவனிடம், "எறங்குலே, நான் மேல நின்னு பாத்துக்கிடுதேன்" என்றேன்.

மேலேதான் நின்றேன். கிரேன் ஓட்டுகிற கோபால் என் பின்னால் இருந்து, "யோவ், மண்ணு வுழுது, ஏறச் சொல்லு, ஏறச் சொல்லு" என்று கத்தினானாம். என் காதில் விழவில்லை. திரும்பிப் பார்க்கும்போது குழியில் பாதி இல்லை.

என் காது கேட்டிருந்தால் யாக்கோபு இருந்திருப்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மாமா

&nbsp;

படப்பை
22.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீங்களே உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். மழை பெய்ததற்கு யார் என்ன செய்ய முடியும்? காது கேட்காததும் உங்கள் தப்பில்லை.

எனக்கு இங்கே வேலை அதிகம். மறைமலை நகர் பக்கம் இன்னொரு தொழிற்சாலைக்கு மதிப்பீடு போட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் ஜெபத்துக்கு வர முடியவில்லை. முத்துச்செல்வி அக்காவிடம் சொல்லுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கமாரி

&nbsp;

கரிசல்பட்டி
20.1.2025

அன்பு மருமகளுக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுது. பொங்கலுக்கு நீ வருவாய் என்று அத்தை எதிர்பார்த்தாள். நாங்கள் பொங்கல் வைக்கவில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து தொழிலாளர் விசாரணைக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஜூன் மாதம் போக வேண்டும். கம்பெனி கொடுத்திருக்கும் பதிலையும் அதோடு அனுப்பியிருக்கிறார்கள். முட்டுக்கான எல்லா ஏற்பாடும் மதிப்பீட்டிலேயே இருந்ததாம். மேஸ்திரி கேட்டு வாங்கிப் பொருத்தவில்லையாம். ஆகவே முழுப் பொறுப்பும் மேஸ்திரியுடையதாம்.

மூன்று தடவை கேட்டேன் என்று எனக்கு நினைவு. ஆனால் வாசிக்க வாசிக்க என் நினைவின் மேலேயே சந்தேகம் வருகிறது. கேட்டேனா, கேட்க வேண்டும் என்று நினைத்ததோடு சரியா? அவர்கள் தருகிறேன் என்று சொல்லி, அது என் காதில் விழாமல் போயிருக்குமோ?

மதிப்பீடு போட்டவள் நீ. முட்டு அதில் இருந்ததா, இல்லையா? இதை மட்டும் சொல். இருந்தது என்றால் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். முத்துச்செல்வி அங்கே வந்து நிற்க வேண்டியதில்லை.

மாமா
கொம்பையா

&nbsp;

படப்பை
2.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் கேட்ட விஷயம். அளவெடுக்கும் வேலை பல பேர் சேர்ந்து செய்வது. நான் செய்தது மாடலில் உள்ள தூண், சுவர், தரை இவைதான். முட்டு போன்ற தற்காலிக வேலைகள் மாடலில் வராது. அந்தப் பகுதி என்னிடம் வரவில்லை. அதனால் எனக்குத் தெரியாது.

எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கமாரி

&nbsp;

கரிசல்பட்டி
18.3.2025

அன்புள்ள தங்கத்துக்கு,

அத்தை நாச்சியார் எழுதுவது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள். மாமாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

மாமா சரியில்லை. மாசி முதல் நம் புஞ்சையில் குழி வெட்டுகிறார். ஒன்று வெட்டி, அதன் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அடியில் இறங்கி நிற்கிறார். எத்தனை அடியில் மண் சரிகிறது என்று பார்க்கிறாராம். நேற்றோடு ஐந்து குழி. "ஏன் இப்படிச் செய்யுதீய?" என்று கேட்டால், "எனக்குத் தெரிஞ்சிருக்கணும் நாச்சியா, தெரிஞ்சிருக்கணும்" என்கிறார். நேற்று இடுப்புவரை மண் விழுந்துவிட்டது. முத்துச்செல்விதான் ஓடி வந்து என்னோடு சேர்ந்து கையால் தோண்டி இழுத்தாள். அவள் அழுத அழுகையைப் பார்க்க வேண்டுமே. யாக்கோபுக்குக்கூட அவள் அப்படி வாய்விட்டு அழவில்லை.

கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தைத் தயாராக எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறார். உன் கடிதம் என்றால் மட்டும் எழுந்து உட்கார்ந்து வாசிக்கிறார். நாலு வார்த்தை எழுது தாயி.

அத்தை

&nbsp;

படப்பை
24.3.2025

மாமாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. குழிக்குள் இறங்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடுகிற பதில் மண்ணில் இல்லை. என்னிடம் இருக்கிறது.

பிப்ரவரியில் நான் எழுதியது பொய். முட்டுக்கான வரியை மதிப்பீட்டில் சேர்த்தது நான். எடுத்ததும் நான்.

நடந்ததைச் சொல்கிறேன். கட்டி முடித்த பிறகு நிற்கப் போவதைத்தான் மாடலில் வரைவார்கள். கட்டும்போது மட்டும் தேவைப்படுகிற முட்டு, சாரம் எல்லாம் அதில் இருக்காது. அவற்றை நாங்கள் யோசித்துக் கையால் சேர்க்க வேண்டும். பிரஸ் குழிக்கு நாலு பக்கமும் இரும்புத் தகடு அடிக்க வேண்டும் என்று நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். சரியாகத்தான் சேர்த்திருந்தேன்.

விலை கொடுக்க வேண்டிய அன்று மத்தியானம் ஹேமந்த் சார் எங்கள் மேசைக்கு வந்தார். "இன்னும் கொஞ்சம் இறக்கணும்பா. எங்க இறக்கலாம்னு சொல்லுங்க" என்றார். ஆறு பேர் இருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். "சார், குழிக்கு முட்டு போட்டிருக்கேன், அது மாடல்லயே இல்ல. பக்கத்தைச் சரிவா வெட்டிட்டா முட்டே வேணாம்" என்றேன். அவர், "ஷ்யூரா?" என்றார். "ஷ்யூர் சார்" என்றேன். அந்த வரியை என் கையாலேயே அழித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது மாமா. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் மனசு கேட்காமல் மாடலைத் திறந்து அளந்து பார்த்தேன். குழிக்கும் பக்கத்துத் தூணின் அஸ்திவாரத்துக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர்தான். பதினெட்டு அடி ஆழத்துக்குச் சரிவாக வெட்ட அங்கே இடமே இல்லை. அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். முந்தின நாள் வாங்கிய கைதட்டல் போய்விடுமே என்று சொல்லவில்லை. வேலை நமக்குக் கிடைக்காமலே போகலாம், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். வேலை கிடைத்தது. அப்புறம் யாராவது குழிக்குள் இறங்கத்தானே வேண்டும்? உங்களையே கூப்பிட்டேன். உங்களுக்கு மண் தெரியும், எப்படியாவது சமாளிப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகஸ்டில் நீங்கள் முட்டுக் கொடுப்பதைப் பற்றிக் கேட்டு எழுதினீர்கள். அன்றைக்கும் நான் பதில் சொல்லவில்லை.

ஆகவே நீங்கள் மூன்று தடவை கேட்டது உண்மை. "அது இந்த வேலையில் இல்லை" என்று அவர்கள் சொன்னதும் உண்மை. உங்கள் நினைவில் எந்தக் கோளாறும் இல்லை. கம்பெனி கொடுத்த பதில்தான் பொய். அழித்த வரியும், அழித்தவள் பெயரும், தேதியும் நேரமும் அந்தக் கோப்பிலேயே பதிவாகியிருக்கின்றன. நான் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். விசாரணைக்கு வந்து கொடுப்பேன்.

நீங்கள் எழுதி வைத்திருக்கும் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். வேறு எதையும் கேட்க எனக்கு வாய் இல்லை.

தங்கமாரி

&nbsp;

கரிசல்பட்டி
8.5.2025

தங்கமாரி,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. அதை முத்துச்செல்விக்கு வாசித்துக் காட்டினேன். உன்னைக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் என் வீட்டில் இருக்க வேண்டிய கடிதம் இல்லை அது. அவள் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து போய் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வரியை நீ ஒரு நிமிஷத்தில் அழித்தாய். நானும் ஒரு நிமிஷத்தில்தான் யாக்கோபை இறங்கச் சொன்னேன். அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் நீ எழுதிய கடிதம்தான் எனக்குப் பிடிபடவில்லை. உட்கார்ந்து, யோசித்து, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாய். அதை வாசித்த பிறகுதான் நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புஞ்சைக்குப் போனேன்.

குழிகளை மூடிவிட்டேன். காகிதத்தைக் கிழிக்கவில்லை. வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். முட்டு இல்லை என்று தெரிந்தே ஆளை இறக்கினேன், அது என் பங்கு என்று எழுதியிருக்கிறேன். உன் பங்கை நீ சொல். என்னுடையதை நான் சொல்கிறேன்.

ஜூன் 17, காலை பதினோரு மணி.

கொம்பையா

&nbsp;

படப்பை
29.6.2025

மாமாவுக்கு,

அத்தையின் கால் எப்படி இருக்கிறது? பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

விசாரணை அறைக்குள் நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என்னால் பேசியிருக்க முடியாது. அதிகாரி என்னைக் கேட்டதும் நான் சொன்னதும் உங்கள் காதுக்கு எட்டியிருக்குமோ என்னவோ, அதனால் எழுதுகிறேன். "இந்த வரியை நீக்கச் சொன்னது யார்?" என்று கேட்டார். "யாரும் சொல்லவில்லை. குறைக்க இடம் கேட்டார்கள். நான் காட்டினேன்" என்றேன். "இது தப்பு என்று எப்போது தெரியும்?" "மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு." அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

முந்தின வாரம் ஹேமந்த் சார் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏம்மா, நீ போய்ச் சொன்னா நீயும்தான் மாட்டுவ. வாழ்க்கையே போயிடும், யோசிச்சுக்கோ" என்றார். பயமாகத்தான் இருந்தது. இப்போது வேலை போய்விட்டது. போலீசிலும் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். வழக்கில் என் பெயரும் சேரும் என்று வக்கீல் சொல்கிறார். சேரட்டும்.

நீங்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது முத்துச்செல்வி அக்கா வெளியே என்னிடம் வந்தார். நான் எழுந்து நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏட்டி, அந்தக் கம்ப்யூட்டர்ல குழி தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்க்கா."

"காட்டு."

என் போனில் படம் இருந்தது. காட்டினேன். சாம்பல் நிறத்தில் சுவர், தரை, படி எல்லாம் தெரிகிற படம். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கிழக்குப் பக்கம் எது, தன் புருஷன் எங்கே நின்றார் என்று கேட்டார். இடத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல மண்ணே இல்லையே" என்றார்.

போனை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தங்கமாரி

&nbsp;

கரிசல்பட்டி
14.10.2025

அன்பு மருமகள் தங்கமாரிக்கு,

மாமா எழுதுவது. இங்கே மழை தொடங்கிவிட்டது. அத்தைக்குக் கால் பரவாயில்லை. நீ சுகமா? கேட்க நாலு மாதம் ஆகிவிட்டது.

தீர்ப்பு வந்தது. பொறுப்பு கம்பெனியுடையது, யாக்கோபின் குடும்பத்துக்கு அவர்கள்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. முட்டு இல்லாமல் வேலை செய்ய முடியாது என்று எழுதிக் கொடுக்காமல் ஆளை இறக்கியது என் கவனக்குறைவு என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி சரிதான். அதை வாசித்த பிறகு எனக்கு ஒரு மாதிரி நிதானம் வந்தது. எல்லாம் என்னால் என்று இருந்ததையும் தாங்க முடியவில்லை, ஒன்றுமே என்னால் இல்லை என்று யாராவது சொல்லியிருந்தாலும் தாங்கியிருக்க மாட்டேன்.

முத்துச்செல்வி போன மாதம் என்னிடம் ஒன்று கேட்டாள். யாக்கோபு இறங்கும்போது பயந்தானா என்று. இத்தனை நாளாக அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. பயந்தான் என்று சொன்னேன். என் முகத்துக்காக இறங்கினான் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு நான் போனால் அவள் நாற்காலி எடுத்துப் போடுவதில்லை. நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். இப்படி இருப்பது எனக்குப் பரவாயில்லை.

உன்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் மனசிலும் இன்னும் ஆறவில்லை. உள்ளதைத்தானே எழுத வேண்டும்?

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் யாக்கோபின் கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கி, வெள்ளையடிக்க வேண்டும். தலைமாட்டில் மண் ஓரடி இறங்கியிருக்கிறது, கல் வைத்துக் கட்ட வேண்டும். நேற்று முத்துச்செல்வி என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்களும் நானும் மட்டும் முடியாது, இன்னொரு ஆளு வேணும்" என்றாள். கூலிக்கு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். முந்தின நாளே வந்துவிடு.

மாமா
கொம்பையா